என் காலுக்குக் கேட்காத முதுகு

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். வேறு இடத்தில் பிறந்திருந்தால், பிரசவம் பார்த்த டாக்டருக்கும் வலி தாங்கிய அம்மாவுக்கும் மட்டும் நினைவிருக்கும் செய்தியாக இது போயிருக்கும். காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் எங்கள் சந்தில் அப்படி வீணாக்கிவிட மாட்டார்கள். கால் முன்னால் பிறந்தவர்கள் முதுகில் கால் வைத்து இழுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட பிடிப்பும் விட்டுவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் ஒழுங்காக நிற்கப் பழகிய நாளிலிருந்தே எனக்கு ஒரு வேலை இருந்தது.

வருகிறவர்கள் விடிந்ததும் வெறும் வயிற்றோடு வர வேண்டும். எங்கள் முன்னறையின் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். அம்மா என் வலது காலை மட்டும் கழுவிவிடுவாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை நடுமுதுகில் வைத்து இடுப்பு வரைக்கும் மூன்று தரம் இழுப்பேன். அவ்வளவுதான். காசு வாங்கக் கூடாது. வாங்கினால் காலில் இருப்பது போய்விடும். எழுந்தவர் ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். ஏலக்கூடத்தில் கூடை தூக்கும் அக்காக்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்கள், ஒரு தடவை கல்மண்டபத்திலிருந்து ஒரு போலீஸ் ஏட்டு என்று எத்தனையோ முதுகுகள் என் காலுக்குக் கீழே வந்துபோயிருக்கின்றன. பள்ளிக்கூட யூனிபார்மோடு நின்று இரண்டு முதுகைப் பார்த்துவிட்டு, மணி அடிப்பதற்குள் ஓடிய நாட்கள் உண்டு.

நான் பெரியவளானதும் அம்மா வாசலில் நின்று அறிவித்துவிட்டாள்.

"இனிமே பொம்பளைங்களுக்குத்தான் கால் வெப்பா. ஆம்பளைங்க வேற எடம் பாத்துக்கங்க."

விதிவிலக்கு ஒரே ஒருவர், என் அப்பா. நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா விசைப்படகில் டிரைவர். ஒரு வாரம், பத்து நாள் என்று கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற பெரிய படகு. சமையல் ஆளாக ஏறி, வலை இழுத்து, ஐஸ் அறையில் மீன் அடுக்கி, பாதி ஆயுசைக் கொடுத்துத்தான் படகைத் திருப்பும் அந்த வீலுக்கு வந்து சேர்ந்தார். இஞ்சினுக்கு மேலேயே நிற்கிற, உட்காருகிற வேலை. அந்த அதிர்வு கரைக்கு வந்த பிறகும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும் என்பார். சில மாதங்களுக்கு ஒரு தடவை இடுப்பு பிடித்துக்கொள்ளும். வந்து படுப்பார். நான் இழுத்துவிடுவேன். முடிந்ததும் குனிந்து அவர் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். பெற்றவர் மேல் கால் பட்டுவிட்டதல்லவா.

"போலீஸ்காரன் அட்ச்சிட்டு சாரி சொல்ற மாதிரி கீது," என்று தரையில் முகத்தை வைத்தபடியே சிரிப்பார்.

சாயங்காலம் டீக்கடையில் நிமிர்ந்து நிற்பார். கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரு விஷயம் புதிதாகத் தெரிந்துவிட்டால் அதை நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. தசை இறுகுவது, பிறகு தானாகவே தளர்வது எல்லாவற்றையும் நைனாவுக்குப் படம் போட்டு விளக்கினேன்.

"அதுவா சரியாவுது நைனா. எங்கால் சும்மா பேர் வாங்கிக்குது."

"அதுவா சரியாவட்டும், ஒங்கால் பேர் வாங்கட்டும். யாருக்கு இன்னா நஷ்டம்?"

மறுபடி பிடித்தபோது மறுபடி இழுத்துவிட்டேன்.

இந்த வருஷம், விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று, நைனாவை மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படகைக் கட்டிவிட்டு, பக்கத்துப் படகுக்குத் தாவிக் கரைக்கு வரும்போது இடுப்பில் ஏதோ 'சடக்'கென்று கேட்டதாம். அப்புறம் நிமிரவே முடியவில்லை. மீன் கூடைகள் வைக்கிற இடத்தில், ஒருக்களித்து, காலை மடக்கிக்கொண்டு கிடந்தார். வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சந்து முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"ஒண்ணியும் இல்ல. பாப்பா காலு வெச்சா சரியாப் பூடும்," என்று அவரே எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் படுத்தார். நான் குதிகாலை வைத்து இழுத்தேன். முதல் இழுப்பிலேயே நைனா கத்தினார். அப்படி அவர் கத்தி நான் கேட்டதில்லை. முதுகில் இருந்த வலி பின்தொடை வழியாக இறங்கிக் கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம் மாதிரி ஓடியதாம். நான் காலை எடுத்துவிட்டு நின்றேன். கும்பிட்டுக்கொள்ளவும் மறந்துபோனேன்.

அன்று மத்தியானம் படகு ஓனர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். கெட்டவர் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நைனாவின் முழங்காலைத் தடவிக்கொடுத்தபடியே சொன்னார்.

"தோ பாரு மாமு. தடை முடிஞ்சி போட்டு கடல்ல எறங்கும்போது நீ நிமிந்து நின்னீன்னா வீலு ஒனக்குத்தான். நிக்கலன்னா, எங்க அக்கா புள்ள கீறான். அவனும் எவ்ளோ நாளுதான் எம்மூஞ்சிய பாத்துகினு இருப்பான்? நானும் போட்ட சும்மா கட்டி வெக்க முடியாதுல்ல."

"நிப்பேன். நீ பழத்த எட்த்துனு போ. நோவாளிக்குக் குடுக்கற மாதிரி குட்த்துகினு," என்றார் நைனா.

ஓனர் போன பிறகு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை வீல் வேறு ஒருவன் கைக்குப் போய், அவன் ராசியில் நல்ல மீன் விழுந்துவிட்டால், அப்புறம் திரும்பி வராது. நைனா வயதில் படகில்லாத டிரைவர்களைத் துறைமுகத்தில் போய்ப் பார்க்கலாம். கிழிந்த வலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். எனவே தடைக்காலம் முடிவதற்குள் அந்த முதுகைச் சரிசெய்வது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். கால்தான் கேட்கவில்லை. படிப்பு கேட்காதா?

என் கால் ஏன் கேட்கவில்லை என்று சந்தில் தனியாக ஒரு ஆராய்ச்சி ஓடியது. நான் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில், கண்டெய்னர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"நாள் பூரா ஏசில ஷூ மாட்டிகினு குந்திகினு இருந்தா காலு செத்துப் போவாம இன்னா பண்ணும்? வெறுங்கால்ல நட. மண்ணுல நட. அப்பால பாரு."

"மண்ணு எங்கக்கா கீது இங்க? எல்லாம் சாக்கட, கலீஜ்தான் கீது."

"அப்ப கலீஜ்ல நட."

நைனாவுக்கு முதலில் எண்ணெய்க் கட்டு. பச்சிலை வாசனையோடு இடுப்பைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். இரண்டாவது நாள் தோல் எரிந்ததுதான் மிச்சம். பிறகு தெருமுனை டாக்டரின் ஊசி. ஒரு நாள் முழுக்க நைனா ராஜாவாக இருந்தார், அடுத்த நாள் பழைய கதை. பிறகு, காந்தமோ கரண்டோ ஏதோ ஒன்று வைக்கும் ஒரு கிளினிக். அதை நான்தான் போனில் பார்த்துத் தேடிப் பிடித்தேன். அந்த மெஷின் 'கிர்' என்று சத்தம் போடும்போது நைனா கண்ணை மூடிக்கொண்டு, "எங்க போட்டு சத்தம் மாதிரியே கீது," என்றார். அதிலே தூங்கியும் போனார். வலி தூங்கவில்லை. இடுப்புக்கு பெல்ட் வாங்கினோம். கட்டில் விட்டுத் தரைக்கு, தரை விட்டுக் கட்டிலுக்கு மாற்றினோம். பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மா, நைனா நெளிந்து உட்காருவதைப் பார்த்துவிட்டு, கொள்ளு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். அதையும் செய்தோம். நான் ஒவ்வொரு தடவையும் இதுதான் சரியானது என்று முழுசாக நம்பினேன். நைனா ஒவ்வொரு தடவையும் எனக்காக நம்பினார். எனக்கு இப்போது அதை நினைத்தால்தான் அசதியாக இருக்கிறது.

கடைசியில் அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலிலேயே போயிருக்கலாம். வரிசை என்றால் நைனாவால் நிற்க முடியாது, உட்காரவும் முடியாது. சுவரில் தோளைச் சாய்த்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். ஸ்கேனுக்கு ஒரு நாள், அதன் படத்துக்கு ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள். டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று காட்டினார்.

"இதுக்கு முன்னாடி என்ன வைத்தியம் பண்ணீங்க?"

நான் வரிசையாகச் சொன்னேன். கால் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். நைனா விடவில்லை.

"பாப்பா காலு வெப்பா மேடம். கால் முன்னால பொறந்த பொண்ணு."

டாக்டர் என் காலைப் பார்த்தார். எனக்குச் செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொள்ளத் தோன்றியது. அவர் திட்டவில்லை. "இனிமே வேண்டாம். நீங்களும் வேண்டாம், வேற யாரும் வேண்டாம். முதுகுல மிதிக்கிறது, இழுக்கிறது, வெயிட் தூக்குறது எதுவும் கூடாது," என்றார். மாத்திரை, ஓய்வு, பிசியோதெரபி பிரிவில் சொல்லித்தரும் பயிற்சி, மெல்ல நடப்பது. பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே சரியாகிவிடும், ஆனால் நாளாகும். பிறகு நைனாவின் கால் கட்டைவிரலைப் பிடித்து, மேலே தூக்கச் சொல்லிப் பார்த்தார்.

"நடக்கும்போது செருப்பு கழண்டு போகுதா?"

"அதெல்லாம் இல்ல மேடம்."

"கழல ஆரம்பிச்சா உடனே வாங்க. அன்னிக்கே வாங்க. அப்ப ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்."

நைனாவுக்கு ஒரே ஒரு கேள்விதான். "தடை முடியறதுக்குள்ள நின்னுடுவேனா?"

டாக்டருக்குத் தடை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "சொல்ல முடியாது," என்றார்.

அந்தப் பயிற்சிகளை வீட்டில் நான் நடத்தினேன். குப்புறப் படுத்து, இடுப்பு தரையை விட்டு எழாமல், கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்க வேண்டும். நைனா இரண்டு தடவை தூக்குவார், மூன்றாவதுக்குப் படுத்தபடியே பேச்சுக் கொடுப்பார். கதவு திறந்திருந்தால் சந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"இன்னா மாமு, தரையில நீஞ்சிகினு கீற? தண்ணி எங்க?"

"வரும். நீ போய் மோட்டார போடு."

அந்த ஆள் போன பிறகு முகத்தைத் தரையில் புதைத்துக்கொள்வார். நான் எண்ணுவேன். அம்மா அடுப்படியிலிருந்து, "உட்டுடு, மனுஷன் பாவம்," என்பாள். நான் விடமாட்டேன். கோபமாகக் கத்தியிருக்கிறேன். ஆபீசிலிருந்து போன் பண்ணி, செய்தீர்களா என்று கேட்பேன். செய்தேன் என்பார். பின்னால் டிவி சத்தம் கேட்கும். துறைமுகத்தில் படகுகளைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை காற்றில் வரும்போதெல்லாம் நைனா எழுந்து உட்காரப் பார்ப்பார்.

வாரங்கள் போயின. வலி கொஞ்சம் இறங்கியது. நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைக்குப் போகிறேன் என்று அவரே கிளம்பிப் போவது எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கிறார்.

தடைக்காலம் முடிய இன்னும் சில நாட்களே இருந்த ஒரு ஞாயிறு, நடைபோய்த் திரும்பிய நைனா வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்க நைனா?"

குனிந்து பார்த்தார். இடது பாதம் வெறுமையாக, புழுதியோடு, விரல் ஓரத்தில் சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. அவருக்கே அப்போதுதான் தெரிகிறது. முகத்தில் பயம் வந்து, உடனே அதை மறைக்கிற சிரிப்பும் வந்தது.

"எங்கியோ உட்டுட்டேன் போல கீது."

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள். "எண்ணூர் ஆட்டோவுல எறங்கும்போதே ஒண்ணுதான் இருந்துச்சு. நான்கூட நெனச்சேன், ஒரு வேள அந்தக் கால்காரரு கேட்டு வாங்கிகினாரோன்னு."

"எந்தக் கால்காரரு?"

அக்கா கத்தியை நிறுத்தினாள். நைனா அவளைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. எண்ணூரில் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில் கால் முன்னால் பிறந்த ஒருவர் இருக்கிறாராம். நைனா ஒவ்வொரு ஞாயிறும் அவரிடம்தான் போயிருக்கிறார்.

எனக்கு வந்தது என்ன மாதிரியான ஆத்திரம் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. டாக்டர் சொல்லைக் கேட்கவில்லை என்பது ஒரு பக்கம். என் காலை விட்டுவிட்டு இன்னொரு காலைத் தேடிப் போனார் என்பதும் அதில் இருந்தது. சிரிப்பாகத்தான் இருக்கிறது.

"டாக்டர் இன்னா சொன்னாங்க? செருப்பு கழண்டா அன்னிக்கே வாங்கன்னு சொன்னாங்களா இல்லியா?"

"ஞாயித்துக்கெழம எவன் கீறான் ஆஸ்பத்திரில? நாளைக்கிப் போவலாம். ஆனா ஒண்ணு பாப்பா. காலைல மொதல்ல எண்ணூர் வா. ஒரே ஒரு வாட்டி அந்தாள வெக்கச் சொல்லிப் பாப்போம். அந்தக் காலு வேற மாதிரி. அதுக்கும் கேக்கலன்னா நீ எங்க கூட்டுனு போறியோ வரேன். வாயத் தொறக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமையும் அவசரப் பிரிவு திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரை இழுத்துக்கொண்டு போகிற தெம்பு அன்றைக்கு என்னிடம் இல்லை. சரி என்றேன். கால் வைக்க விடக் கூடாது என்று மட்டும் மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

விடியற்காலையில் பஸ் ஏறினோம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றன. பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது நைனா முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தார். திருவொற்றியூர் தாண்டியதும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் புகைபோக்கிகள். எண்ணூரில் இறங்கி, அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகும் பெரிய குழாய்களை ஒட்டி நடந்தோம். புதுச் செருப்பு வாங்காததால் அம்மாவின் செருப்பைப் போட்டிருந்தார். இடது கால் செருப்பைக் கயிற்றால் பாதத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தேன். இருந்தும் அந்தப் பாதம் தரையை 'சப் சப்'பென்று அடித்துக்கொண்டே வந்தது.

எண்ணூர்க்காரர் நைனா வயதுதான். அந்தக் குழாய்களைப் பராமரிக்கும் ஒப்பந்த வேலை. வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, "இன்னாபா, நாளு மாறி வந்துகீற?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதுதான் அந்தக் கால்பொண்ணா? நெறயச் சொல்லிகீறாரு," என்றார்.

நைனா தரையில் படுக்கத் தயாரானார். எண்ணூர்க்காரர் காலைக் கழுவச் சொம்பை எடுக்கக் குனிந்தவர், பாதியிலேயே நின்று, இடுப்பில் கையை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். சட்டை மேலே ஏறியபோது உள்ளே பெல்ட் தெரிந்தது. நைனாவுடையது மாதிரியே, அதே அகலம்.

"ஒனக்கு இன்னா?" என்றார் நைனா.

"ஒனக்கு இன்னாவோ அதான் எனக்கும். ரொம்ப நாளா கீது. ஆஸ்பத்திரில மாத்திர குட்த்துகீறாங்க. தின்னுகினு கீறேன்."

"இத்தினி வாரமா சொல்லவே இல்லியே நீ."

"சொன்னா நீ வந்திருப்பியா?"

எண்ணூர்க்காரர் சொம்பைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அவர் குரல் இறங்கியது. "ஊருல எல்லா முதுகுக்கும் நான் கால் வெக்கிறேன். என் முதுகுக்கு வெக்க ஒரு நாயி இல்ல. என் கால நானே என் முதுகுல வெக்க முடியுமா? நேத்து நீ ஒம் பொண்ணப் பத்தி சொன்ன பாரு, ராவெல்லாம் அதையே நெனச்சிகினு கெடந்தேன். யம்மா, ஒரே ஒரு வாட்டி. காசு கீசு நானும் வாங்கினதில்ல, ஒங்கிட்டயும் குடுக்க மாட்டேன். சும்மா ஒரு இழு இழுத்துட்டுப் போ."

சொல்லிக்கொண்டே பாயை உதறிப் போட்டுக் குப்புறப் படுத்துவிட்டார். சட்டையைத் தூக்கி, பெல்ட்டை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தார். பெல்ட் இருந்த இடத்தில் தோல் வெளுத்து, ஓரமெல்லாம் வேர்க்குரு பூத்திருந்தது. கன்னத்தைப் பாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். என் முன்னால் படுத்த எல்லோரும் அப்படித்தான் படுப்பார்கள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். டிஸ்க், நரம்பு, பிதுக்கம். வரவில்லை. இவர் இத்தனை ஞாயிறுகள் என் நைனாவுக்குச் சும்மா கால் வைத்திருக்கிறார். பதிலுக்குக் கேட்பது இது ஒன்றுதான். மூன்று இழுப்பு. மெதுவாக, படாத மாதிரி வைத்தால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"வெக்காத பாப்பா," என்றார் நைனா.

சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டின செருப்போடு நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பாயில் கிடந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிப்பா நீ. அவ வெக்க மாட்டா. டாக்டர் வாணாம்னுகீறாங்க. வெச்சா நரம்பு இன்னும் மாட்டிக்கும்."

எண்ணூர்க்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "அப்ப நீ எதுக்கு வந்தே?"

நைனா தட்டுத்தடுமாறி, குனிய முடியாமல், முழங்காலை மடித்து உட்கார்ந்து, அந்த பெல்ட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்கள். நாங்கள் கிளம்பியபோது எண்ணூர்க்காரர் வாசலுக்கு வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நைனா நேராக ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார். எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்ற வாக்கைக் காப்பாற்றினார்.

அதே டாக்டர்தான் இருந்தார். பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். நைனா நெற்றி நரம்பு புடைக்கத் தூக்கிப் பார்த்தார். வலது பாதம் எழுந்தது. இடது பாதம் கொஞ்சம் அசைந்து, அப்படியே விழுந்தது. இன்றைக்கே சேர்ந்துவிட வேண்டும், தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அதன் பிறகும் மாதக்கணக்கில் கடல் கிடையாது.

"பண்ணாம, பல்லக் கட்ச்சிகினு வீலு புட்ச்சேன்னா?"

"கால் இப்படியே நின்னு போகலாம். அப்புறம் வந்து பண்ணாலும் திரும்பாமப் போகலாம். இப்ப பண்ணா வர வாய்ப்பு இருக்கு. அதுக்கும் உறுதி கொடுக்க மாட்டேன்."

நான் ஏதோ பேச ஆரம்பித்தேன். நைனா என் கையைத் தட்டி நிறுத்தினார்.

"சரி மேடம். பண்ணிடுங்க. ஒரு எடம் மட்டும் போய் சொல்லிட்டு வந்துடறேன். பெட்டு போட்டு வைங்க."

ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போனோம். படகுகள் எல்லாம் புதுப் பெயிண்டோடு தண்ணீரில் இறங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்றன. ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் படகு மூன்றாவது வரிசையில். அதற்குப் போக வேண்டுமானால் இரண்டு படகுகளைத் தாவ வேண்டும். நைனா கரையிலேயே நின்றார். ஓனர்தான் தாவிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் அக்கா மகன்.

"வந்துட்டியா மாமு! நிமிந்து நிக்கிறியே," என்றார் ஓனர். கண் மட்டும் அந்தக் கயிறு கட்டின செருப்பில் நின்றது.

"நிக்கிறேன். காலு இருக்கறதே தெரியல," என்றார் நைனா. "ஆபரேஷன். நான் வரல. வீல இவங்கிட்ட குட்த்துடு."

ஓனர் தலையைச் சொறிந்தார். ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். நல்லானதும் பார்த்துக்கலாம் என்றார். அந்த வார்த்தைக்கு இங்கே என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நைனா அதைக் காதில் வாங்காமல் அக்கா மகனைக் கிட்டே கூப்பிட்டார்.

"தோ பாரு. வீலு எடப்பக்கம் இழுக்கும். பயப்படாத, அது அப்டித்தான். கொஞ்சம் வலதுல வெச்சிகினே இரு. சூடானதும் இஞ்சின் ஒரு மாதிரி இருமும், நிறுத்திடாத. நிறுத்துனா திருப்பிப் புடிக்காது. வடக்கால போவும்போது கப்பல் நிக்கிற எடத்துக்கு வெளியிலயே போ. அடியில ஏதோ இரும்பு கெடக்குது, வல மாட்டும். எங்கன்னு ஓனருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மீசையைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். "மேல வந்து காட்டேன் மாமா," என்றான்.

நைனா படகைப் பார்த்தார். நடுவில் இருந்த இரண்டு படகுகளைப் பார்த்தார். அவற்றுக்கிடையே தண்ணீர், எண்ணெய் மிதந்துகொண்டு, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இங்கேர்ந்தே சொல்றேன், கேட்டுக்க," என்றார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். தப்பாகச் சொன்ன ஒன்றைத் திருத்தினார். மூன்றாவது முறையும் சொல்ல ஆரம்பித்தபோது வெயில் ஏறிவிட்டது. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவசரப்படுத்தவில்லை. அவர் எடை கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது.

பாதி வாக்கியத்தில் நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

"போலாம் பாப்பா. லேட்டாப் போனா பெட்டு போயிடப் போவுது."